"கேஸ் பிடிச்சிருக்கு": மாரடைப்பைக் கண்டுபிடிக்கக் கத்துக்கிட்ட கதை

இந்த எபிசோடை ஒரு பஸ்ஸுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரகடம் பக்கம் ராத்திரியில போயிருக்கீங்களா? பகல்ல கண்டெய்னர் லாரி, ராத்திரியில ஷிஃப்ட் பஸ். இரண்டாவது ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், படப்பைன்னு வரிசையா கிளம்பும். எங்க மாமா, அதாவது அம்மாவோட தம்பி, அப்படி ஒரு பஸ்ஸை ஓட்டிக்கிட்டு இருந்தார். கம்பெனி ஆள் இல்ல. கம்பெனிக்கு வண்டி விடுற ஒரு டிராவல்ஸோட ஆள். வயசு 47.

2016ல ஒரு ராத்திரி, மணி ஒன்றரை இருக்கும், ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே அவருக்கு நெஞ்சு நடுவுல ஒரு அழுத்தம். இடது தோள்பட்டை வரைக்கும் இழுத்துச்சாம். வேர்த்துக் கொட்டுச்சு. வண்டியை ஓரம் கட்டி, ஒரு சோடா குடிச்சிட்டு, மறுபடியும் ஓட்டி, எல்லாரையும் இறக்கிவிட்டுட்டார். அப்புறம் பைக்ல பக்கத்துல ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குப் போயிருக்கார். அசிடிட்டிக்கு ஒரு ஊசி போட்டு, "காலையில வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. விடிஞ்சதும் அம்மாவுக்கு போன்: "ஒண்ணும் இல்லக்கா, நேத்து பரோட்டா சாப்ட்டேன், கேஸ் பிடிச்சிடுச்சு."

ஈசிஜி எடுத்தது காலை ஒன்பதரை மணிக்கு. எட்டு மணி நேரம். இன்னைக்கு நான் பேசப்போறது அந்த எட்டு மணி நேரத்தோட வரலாறு. ஒரு ரத்தக்கட்டி இதயத்தோட குழாயை அடைச்சா அதை உயிரோட இருக்கிற ஆள்கிட்ட கண்டுபிடிக்கலாம்ங்கிறதே நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல பழகின விஷயம்தான்.

மாரடைப்புன்னு நாம சொல்றோம். மார் அடைக்குது. அனுபவிச்சவங்களோட உணர்வை அப்படியே சொல்ற வார்த்தை. ஆனா உள்ளே எது அடைக்குதுன்னு டாக்டர்கள் ஒத்துக்கிறதுக்கு ரொம்ப நாள் ஆச்சு.

19ஆம் நூற்றாண்டுலயே, இறந்தவங்க உடம்பை அறுத்துப் பார்த்தவங்க இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற கரோனரி தமனிகள்ல ரத்தக்கட்டியைப் பார்த்திருக்காங்க. 'த்ராம்போசிஸ்', 'எம்போலிசம்'ங்கிற வார்த்தைகளை ஜெர்மனியோட ருடால்ஃப் விர்ஷோ அந்தக் காலத்துலயே புழக்கத்துக்குக் கொண்டு வந்துட்டார். ரத்தம் இருந்த இடத்துலயே உறைஞ்சு அடைச்சா முதலாவது. வேற இடத்துல உறைஞ்சது பெயர்ந்து வந்து அடைச்சா இரண்டாவது. ஆனா பொதுவா இருந்த நம்பிக்கை என்னன்னா, கரோனரி தமனி திடீர்னு அடைச்சா ஆள் அந்த நிமிஷமே போயிடுவார். அதனால அது பிணவறையில தெரியவேண்டிய விஷயம், கட்டில் பக்கத்துல உட்கார்ந்து கண்டுபிடிக்கிற விஷயம் இல்ல.

இதை உடைச்சவங்கள்ல முக்கியமானவர் சிகாகோவோட ஜேம்ஸ் ஹெரிக். 1910லயே கீவ் நகரத்துல ரெண்டு டாக்டர்கள், ஒப்ராஸ்ட்சோவும் ஸ்ட்ராஷெஸ்கோவும், இதே மாதிரி எழுதியிருந்தாங்க. 1912ல ஹெரிக் தெளிவா சொன்னார்: குழாய் அடைச்சும் ஆள் மணிக்கணக்கா, நாள்கணக்கா, ஏன் முழுசா குணமாகியும் வாழலாம். அப்படின்னா உயிரோட இருக்கும்போதே அறிகுறியை வெச்சு கண்டுபிடிக்கலாம். அந்தக் கட்டுரையை அப்போ யாரும் பெருசா கண்டுக்கல. வயித்துக் கோளாறுன்னு எழுதி அனுப்பறது அப்போவும் நடந்துச்சு. எங்க மாமாவோட "கேஸ்" ஒண்ணும் நம்ம ஊர் கண்டுபிடிப்பு இல்ல.

ஹெரிக்குக்குத் தேவைப்பட்டது ஒரு சாட்சி. அந்தச் சாட்சி நெதர்லாந்துல லெய்டன் நகரத்துல ஏற்கெனவே இருந்துச்சு. வில்லெம் ஐந்தோவன் 1900களோட தொடக்கத்துல செஞ்ச ஈசிஜி மெஷின். மெஷின்னா இப்போ இருக்கிற சூட்கேஸ் சைஸ்னு நினைக்காதீங்க. கிட்டத்தட்ட 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேணும். நோயாளி கையையும் காலையும் உப்புத்தண்ணி நிரப்பின தொட்டிகள்ல வெச்சுக்கிட்டு உட்காரணும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி ஒண்ணு இருக்கு. அவ்வளவு பெரிய மெஷினை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக முடியல. அதனால 1905ல ஐந்தோவன் என்ன பண்ணார்னா, ஆஸ்பத்திரியில இருக்கிற நோயாளியோட இதய மின்துடிப்பை டெலிபோன் கம்பி வழியா சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்த தன்னோட ஆய்வகத்துக்கு அனுப்ப வெச்சார். ஈசிஜியை அனுப்பறதுங்கிற யோசனை, ஈசிஜி பிறந்த சில வருஷத்துலயே பிறந்துடுச்சு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, 107 வருஷம் கழிச்சு தமிழ்நாட்டுல திரும்ப வரும்.

1920ல ஹெரால்ட் பார்டீங்கிற அமெரிக்க டாக்டர், அடைப்பு வந்தவங்களோட ஈசிஜியில ஒரு குறிப்பிட்ட கோடு மேல தூக்கிக்கிட்டு நிக்கிறதைப் பதிவு பண்ணார். எஸ்டி எலிவேஷன்னு இன்னைக்கு சொல்றது அதுதான். கார்டியாலஜி வார்டு வாசல்ல "ஸ்டெமி கேஸ்"னு ஓடுறாங்களே, அந்த ஸ்டெமியில இருக்கிற எஸ்டி இதுதான்.

சரி, கண்டுபிடிச்சாச்சு. வைத்தியம்? பல வருஷம் வைத்தியம்னா படுக்கைதான். வாரக்கணக்குல அசையாம படுக்கணும். ஏன்னா, கட்டியைக் கரைக்கணும்னே பலருக்குத் தோணல. 1970கள்ல பெரிய சண்டையே நடந்துச்சு: ரத்தக்கட்டி மாரடைப்புக்குக் காரணமா, இல்ல மாரடைப்பு வந்த பிறகு உருவாகிற விளைவா? இறந்தவங்களை அறுத்துப் பார்த்தா சிலர்கிட்ட கட்டி இருந்துச்சு, சிலர்கிட்ட இல்ல.

சண்டையைத் தீர்த்தது 1980ல மார்கஸ் டிவுட்ங்கிற டாக்டர், அமெரிக்காவுல ஸ்போகேன்னு அதிகம் கேள்விப்படாத ஒரு ஊர்ல. மாரடைப்பு நடந்துக்கிட்டு இருக்கும்போதே ஆஞ்சியோகிராம் பண்ணிப் பார்த்தாங்க. அந்த நிலைமையில குழாய்க்குள்ள டியூப் விடறது ஆபத்துன்னு அப்போ பெரும்பாலானவங்க பயந்தாங்க. முதல் நாலு மணி நேரத்துக்குள்ள பார்த்த 126 பேர்ல 110 பேருக்கு குழாய் முழுசா அடைச்சிருந்துச்சு. 12 மணி நேரத்துக்கு மேல போய்ப் பார்த்தவங்ககிட்ட அந்த விகிதம் குறைஞ்சிருந்துச்சு. அப்போ புரிஞ்சுது: உடம்பே கொஞ்சம் கொஞ்சமா கட்டியைக் கரைக்குது. பிணவறைக்காரங்க லேட்டா பார்த்ததால ஏமாந்திருக்காங்க.

கட்டிதான் குற்றவாளின்னா, கரைக்கிற மருந்து? அது 1933லேர்ந்தே இருந்துச்சு. தொண்டைப் புண் உண்டாக்குற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஒரு பொருளைச் சுரக்குதுன்னு டில்லெட், கார்னர்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சிருந்தாங்க. பேர் ஸ்ட்ரெப்டோகைனேஸ். 1986ல இத்தாலியில 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகள்கிட்ட நடந்த கிஸ்ஸி ஆய்வு அதை நிரூபிச்சது. வலி ஆரம்பிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டா மரணம் கிட்டத்தட்ட பாதியாகுது. ஆறு மணி நேரத்தைத் தாண்டினா அந்த ஆய்வுல தெளிவான பலன் தெரியல. அந்த 'ஆறு' கொஞ்ச நேரத்துல மறுபடியும் வரும்.

ரெண்டு வருஷம் கழிச்சு ஐசிஸ்-2. 17,187 பேர். ஊசியோட ஆஸ்பிரினையும் சேர்த்துப் பார்த்தாங்க. எதுவும் கொடுக்காதவங்கள்ல அஞ்சு வாரத்துல இறந்தவங்க 13.2 சதவீதம், ரெண்டும் கொடுத்தவங்கள்ல 8 சதவீதம். தலைவலிக்குப் போடற ஆஸ்பிரினுக்கு இவ்வளவு சக்தியான்னு உலகமே ஆச்சரியப்பட்டது. ஒரு சின்ன ஜோக்கும் அந்தக் கட்டுரையில இருக்கு. துணைக்குழுவா பிரிச்சுப் பார்த்தே ஆகணும்னு கேட்டவங்களுக்காக ராசி வாரியா பிரிச்சுக் காட்டினாங்க. மிதுனத்துக்கும் துலாமுக்கும் மட்டும் ஆஸ்பிரின் வேலை செய்யல! புள்ளிவிவரத்தை அளவுக்கு மீறி வெட்டினா இப்படித்தான் உளறும்னு காட்டறதுக்காகப் போட்டது. யாரும் ஜாதகத்தை எடுத்துட்டு ஃபார்மசிக்குப் போகாதீங்க.

இங்கே ஒரு கேள்வி வரும். அப்போ நெஞ்சு வலின்னு வந்த எல்லாருக்கும் ஊசியைப் போட்டுடலாமே?

கூடாது. நெஞ்சு வலி தர்ற இன்னொரு ஆள் இருக்கான்: மகாதமனி, அயோர்ட்டா. இதயத்துலேர்ந்து கிளம்புற உடம்போட மெயின் பைப். அதோட உள்சுவர் கிழிஞ்சு, சுவருக்கு நடுவுல ரத்தம் பாய ஆரம்பிச்சா, வலி ஆரம்பத்துலயே உச்சத்துல இருக்கும். பல பேர் முதுகுல கிழிக்கிற மாதிரின்னு சொல்வாங்க. இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஜார்ஜ் 1760ல இறந்தது இதனாலதான்னு அவரோட டாக்டர் உடம்பை அறுத்துப் பார்த்து எழுதியிருக்கார். கிழிஞ்ச குழாய் இருக்கிற ஆளுக்கு கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டா, ரத்தத்தை அடைச்சு நிறுத்த உடம்புகிட்ட இருக்கிற கடைசி வழியும் போயிடும். அதனாலதான் நல்ல டாக்டர்கள் ரெண்டு கையிலயும் பிபி பார்க்கிறாங்க. ரெண்டும் ரொம்ப வித்தியாசப்பட்டா சந்தேகம் வரும். நுரையீரல் தமனியில காலுலேர்ந்து வந்த கட்டி சிக்கினாலும் நெஞ்சு வலி வரும், மூச்சு வாங்கும், ஆனா அதுக்கு வேற கணக்கு. ஆக, ஊசி மட்டும் போதாது. ஊசியை யாருக்குப் போடலாம்னு சொல்ற ஒரு ஆளும் வேணும், அதுவும் ராத்திரி ஒன்றரை மணிக்கு.

இப்போ தமிழ்நாட்டுக்கு வருவோம்.

இதய வைத்தியத்துல சென்னை எப்பவுமே பின்தங்கினது இல்ல. இந்தியாவோட முதல் கரோனரி பைபாஸ் 1975ல பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில நடந்துச்சு. பண்ணவர் கே.எம். செரியன். பலூன் ஆஞ்சியோபிளாஸ்டியைக் கண்டுபிடிச்ச ஆண்ட்ரியாஸ் க்ரூண்ட்சிக்கிட்டயே கத்துக்கிட்டு வந்த மாத்யூ சாமுவேல் களரிக்கல் 1980கள்ல அதை சென்னையில ஆரம்பிச்சு வெச்சார். எல்லாமே ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து சுமார் 40 கிலோமீட்டர்ல.

அந்த 40 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்துச்சு? 1998ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006ல நோக்கியா. 2010ல ஒரகடத்துல ரெனோ-நிஸ்ஸான், 2012ல டைம்லர். ஏரியும் வயலுமா இருந்த இடத்துல லட்சக்கணக்கான பேர் ஷிஃப்ட் போட்டு வேலை செய்ய ஆரம்பிச்சாங்க. வேலைக்கு வந்தவங்க பெரும்பாலும் இளவட்டம், சரி. ஆனா அவங்களைச் சுத்தி ஒரு வட்டம் இருக்கு. பஸ் ஓட்டறவர், செக்யூரிட்டி அண்ணன், கேன்டீன் அக்கா, லோடு இறக்கறவர். நாப்பது, அம்பது வயசு. சர்க்கரை, பிபி, பீடி.

1948 தொழிற்சாலைகள் சட்டம் 500 பேருக்கு மேல வேலை செய்யற ஃபேக்டரியில ஆம்புலன்ஸ் அறை இருக்கணும்னு சொன்னது. நல்ல சட்டம். ஆனா அது எழுதப்பட்ட காலத்துல ஃபேக்டரி ஆபத்துன்னா விரல் போறது, கை சிக்கறது, தீக்காயம். ரத்தக்குழாய்க்குள்ள சத்தமில்லாம வர்ற ஆபத்து அந்தக் கற்பனையில இல்ல. அப்புறம் அந்த அறை யாருக்கு? "ஏன் மாமா, உள்ளே நர்ஸ் இருந்தாங்களே, போயிருக்கலாமே"ன்னு பின்னாடி ஒரு நாள் கேட்டேன். "அது கம்பெனி ஆளுங்களுக்குடா மாப்ள. நம்மளை கேட்டுக்கு உள்ளேயே யூரின் போக விடமாட்டாங்க"ன்னார். ரூல் என்னவோ எனக்குத் தெரியாது. அவர் மனசுல இருந்த ரூல் அது.

அந்த 'ஆறு' இங்கேதான் வருது. 2001லேர்ந்து 2005 வரைக்கும் இந்தியா முழுக்க 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வெச்சு கிரியேட்னு ஒரு பதிவேடு போட்டாங்க. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியோட டெனிஸ் சேவியரும் குழுவும் 2008ல லான்செட்ல வெளியிட்டாங்க. வலி ஆரம்பிச்சதுலேர்ந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வர ஆன நேரம், நடுமதிப்பு, 360 நிமிஷம். ஆறு மணி நேரம். அதாவது பாதிப் பேர் அதுக்கும் மேல. ஆஸ்பத்திரிக்குள்ள வந்த பிறகு கட்டி கரைக்கிற மருந்து போட ஆனது 50 நிமிஷம்தான். இன்னொரு விஷயமும் அதுல இருந்துச்சு. 30 நாள்ல இறந்தவங்க, ஏழைகள்ல 8.2 சதவீதம், பணக்காரங்கள்ல 5.5. கிடைச்ச சிகிச்சையில இருந்த வித்தியாசத்தைக் கணக்குல எடுத்துக்கிட்டா அந்த இடைவெளி மறைஞ்சிடுச்சு. ஏழையோட இதயம் வேற மாதிரி இல்ல, அவருக்குக் கிடைச்சது வேற.

அதே 2008 செப்டம்பர்ல தமிழ்நாட்டுல 108 ஆம்புலன்ஸ் வந்துச்சு. 2012 ஜனவரியில முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இந்த ரெண்டும் இருந்ததாலதான் அடுத்தது சாத்தியமாச்சு. கோயம்புத்தூர்ல தாமஸ் அலெக்சாண்டர், சென்னையில அஜித் முல்லசாரின்னு ரெண்டு இதய மருத்துவர்கள் ஒரு யோசனையோட அரசாங்கத்துகிட்ட போனாங்க. எல்லா ஊர்லயும் ஆஞ்சியோ லேப் கட்ட முடியாது. சைக்கிள் சக்கரம் மாதிரி வெச்சுக்கலாம். நடுவுல ஒரு பெரிய ஆஸ்பத்திரி, கம்பிகள் மாதிரி சுத்தி சின்ன ஆஸ்பத்திரிகள். சின்ன ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்து மொபைல் நெட்வொர்க் வழியா நடுவுக்கு அனுப்பணும். அங்க இருக்கிற கார்டியாலஜிஸ்ட் பார்த்துச் சொன்னதும், தூரமா இருந்தா அங்கேயே கட்டி கரைக்கிற ஊசி. அப்புறம் ஆம்புலன்ஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, 3லேர்ந்து 24 மணி நேரத்துக்குள்ள ஆஞ்சியோகிராம். பக்கத்துலயே இருந்தா நேரா ஆஞ்சியோபிளாஸ்டி.

ஐந்தோவனோட டெலிபோன் கம்பி ஞாபகம் இருக்கா? அதேதான், கம்பி மட்டும் இல்ல. 2012ல இந்தத் திட்டம் சோதனையா ஆரம்பிச்சப்போ ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா இன்னும் போன் செஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. போன் செய்ற ஊர்ல நெஞ்சு வலி வந்தா அந்த ஈசிஜி போன்ல போய்ச் சேராத நிலைமை. எனக்கு இது ரொம்ப நாள் உறுத்தின விஷயம்.

சோதனைக் கட்டத்துல 4 பெரிய ஆஸ்பத்திரி, 35 சின்ன ஆஸ்பத்திரி, 2,420 நோயாளிகள். முடிவு 2017ல ஜாமா கார்டியாலஜியில வந்துச்சு. ஆஞ்சியோகிராம் கிடைச்சவங்க 35 சதவீதத்துலேர்ந்து 60.8 ஆனாங்க. ஒரு வருஷத்துக்குள்ள இறந்தவங்க 17.6லேர்ந்து 14.2 ஆனாங்க. நூத்துக்கு மூணு பேருக்கு மேல, அடுத்த வருஷ பொங்கலுக்கு வீட்ல இருந்தாங்க. ஆனா ஆஸ்பத்திரியிலேயே இறந்தவங்க விகிதம் மாறல. 5.8, 5.6. மருந்து போட ஆகிற நேரமும் பெருசா குறையல. இதை மறைக்காம எழுதியிருக்காங்க, அதுக்காகவே எனக்கு அந்தக் கட்டுரை மேல மரியாதை. சக்கரத்தை எவ்வளவு நல்லா கட்டினாலும், "கேஸ்"னு நினைச்சு வீட்ல படுத்திருக்கிறவர் அந்தச் சக்கரத்துக்குள்ளயே வரலையே.

அந்த இடத்தைத் தொடற முயற்சி 2023 ஜூன் 27ல வந்துச்சு: இதயம் காப்போம் திட்டம். கிராமத்து துணை சுகாதார நிலையத்துலயும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும், மாரடைப்புன்னு சந்தேகம் வந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே 14 மாத்திரை. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. முதல் ரெண்டும் கட்டி மேலும் வளராம தடுக்க. மூணாவது கொழுப்புக்கான மாத்திரை. ஐசிஸ்-2ல பார்த்த அதே ஆஸ்பிரின், 35 வருஷம் கழிச்சு, நம்ம ஊர் நர்ஸ் கைக்கு வந்திருக்கு. ஆனா நீங்களா வீட்ல அந்தப் 14ஐ முழுங்கிடாதீங்க. மகாதமனி கதை சொன்னேன் இல்லையா? நெஞ்சுல அழுத்தம், வேர்வை, தாடை, கை, முதுகுன்னு பரவற வலி இருந்தா 108ஐக் கூப்பிடுங்க, ஈசிஜி எடுக்கிற இடத்துக்குப் போங்க. சர்க்கரை இருக்கிறவங்களுக்கும் பெண்களுக்கும் வலியே தெரியாம வெறும் மூச்சுத் திணறலா, களைப்பா வரலாம். முதல் ஈசிஜி நார்மலா இருந்தும் வலி நிக்கலைன்னா, "இன்னொரு தடவை எடுங்க"ன்னு கேளுங்க. கேட்கலாம், தப்பில்ல.

மாமாவுக்கு ஒன்பதரை மணி ஈசிஜிக்கு அப்புறம் எல்லாம் வேகமா நடந்துச்சு. இதயத்தோட முன்பக்கத்துக்குப் போற பெரிய குழாயில அடைப்பு. ஸ்டென்ட் வெச்சாங்க, காப்பீட்டுத் திட்டத்துல. பிழைச்சுட்டார். ஆனா இதயம் ஒவ்வொரு துடிப்புலயும் வெளியே தள்ளுற ரத்தம் 55 சதவீதத்துக்கு மேல இருக்கணும், அவருக்கு 35. அந்த எட்டு மணி நேரத்துல செத்த தசை திரும்ப வரல. மறுபடியும் பஸ் ஓட்ட டாக்டர் ஒத்துக்கல. இப்போ படப்பை பக்கம் ஒரு மளிகைக் கடையில கல்லாவுல உட்கார்றார். மாடி ஏறினா நடுவுல நிப்பார். ஷிஃப்ட் பஸ் கடை வாசலைத் தாண்டும்போது வண்டி நம்பரைச் சொல்லி, "கிளட்ச் போயிடுச்சு, சத்தம் கேட்குதா"ன்னு என்கிட்ட கேட்பார். எனக்கு ஒண்ணும் கேட்காது.

போன மாசம் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனப்போ பழைய ஃபைலைத் திறந்தோம். அந்த முதல் ஈசிஜி தாள் இருந்துச்சு. வெப்பத்துல அச்சாகிற தாள், வருஷம் போகப் போக எழுத்து மங்கிடும். கோடு பாதி காணோம். டாக்டர் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டு, "ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கலாமே"ன்னார். உங்க வீட்ல யாருக்காவது ஈசிஜி எடுத்திருந்தா, இன்னைக்கே போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.